குடித்துவிட்டு நிறுத்திய வாகனத்துக்குள் உறங்கினால் வழக்கு வருமா?

இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் நீங்கள், களுவாஞ்சிகுடியில் ஒரு திருமண வீட்டில் மது அருந்திவிட்டு, வாகனத்தை ஓட்டாமல் அதற்குள்ளேயே உறங்கினால் பொலிஸார் வழக்குப் போடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டக்கூடாது என்ற முடிவுக்கு வந்தபின் எழும் கேள்வி இது என்பதால் இதை மிகவும் மதிக்கிறேன்.

இலங்கையின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 151ஆம் பிரிவு, மது அருந்தியபின் வீதியில் வாகனம் செலுத்துவதையே தடைசெய்கிறது. ஆகவே மாலையிலிருந்து கல்யாண வீட்டு வளவுக்குள் நின்ற வாகனத்தின் பின் ஆசனத்தில் உறங்கியவரும், நள்ளிரவு தாண்டிக் கல்லடியில் பிரதான வீதியோரம் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கச் சாரதி ஆசனத்தில் சாய்ந்து கிடந்தவரும் ஒரே நிலையில் இல்லை. இரண்டாமவர் அந்த இடத்துக்கு வாகனத்தை ஓட்டித்தானே வந்திருப்பார் என்று பொலிஸார் சந்தேகிப்பது இயல்பு. மது அருந்தியதைச் சோதிக்கப் பலூன் ஊதச் சொல்வார்கள், விடயம் நீதவான் நீதிமன்றம் வரை போகலாம். குற்றம் உறுதியானால் தண்டப்பணம் குறைந்தது 25,000 ரூபாய், சாரதி அனுமதிப்பத்திரமும் இடைநிறுத்தப்படலாம்.

நீங்கள் வாழும் நாட்டில் சட்டம் இதைவிடக் கடுமையானது. அங்கே 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, அளவுக்கு மேல் குடித்த நிலையில் வாகனம் உங்கள் பொறுப்பில் இருப்பதே ஒரு குற்றம். மதுச்சாலையின் வாகனத் தரிப்பிடமும் அதற்குள் அடங்கும். போதை தெளியுமுன் ஓட்டும் வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான். சாவி சட்டைப்பையில் இருந்தால் அதைக் காட்டுவது எளிதல்ல. கனடாவில் வாடகைக் காருக்குக் காத்திருந்த ஒருவர், குளிருக்காக இயந்திரத்தை இயக்கிவிட்டுச் சாரதி ஆசனத்திலேயே உறங்கிப்போனார். அவர் விடுதலை பெற 2012இல் உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது விடியற்காலைதான். உறங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று நம்மவர்கள் உறுதியாக நம்புகிறார்கள், ஆனால் உறக்கம் மதுவை வேகமாக வெளியேற்றுவதில்லை. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் உள்ள மது மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் அளவிலேயே குறைகிறது. நள்ளிரவில் 160 மில்லிகிராம் இருந்தவருக்கு அதிகாலை 4 மணிக்கும் ஏறத்தாழ 100 இருக்கும். இங்கிலாந்தின் எல்லையோ 80. தேநீரும் முகம் கழுவுவதும் இந்தக் கணக்கை மாற்றா. அந்த நேரத்தில்தான் மீன் ஏற்றும் லொறிகளும், விளக்கில்லாத சைக்கிள்களும், தெருவில் படுத்திருக்கும் மாடுகளும் நம் வீதிகளில் இருக்கின்றன.

இன்னொன்று: நுளம்புக்கும் வெக்கைக்கும் பயந்து கண்ணாடிகளை மூடி, இயந்திரத்தை இயக்கிக் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு உறங்காதீர்கள். புகைக்குழாயில் கசிவிருந்தால் காபன் மோனொட்சைட்டு உள்ளே வரும். அதற்கு மணமோ நிறமோ இல்லை, போதையில் இருப்பவர் விழிக்கவும் மாட்டார்.

எனவே குடிக்குமுன்னரே சாவியைக் கல்யாண வீட்டுக்காரரில் குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, விறாந்தையில் ஒரு பாய் கேளுங்கள், அல்லது முச்சக்கர வண்டியில் வீடு போய்ச் சேருங்கள். வாகனத்தை மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.