நாலுக்கு மேல் நாலு கேட்கலாமா?

கேள்வி: பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் என் ஜோடி ஒரு ஸ்பேடு என்று ஏலத்தைத் திறந்தார். எதிராளி இரண்டு ஹார்ட். என்னிடம் ஐந்து ஸ்பேடு, ஒற்றை ஹார்ட், பெரிய சீட்டுகளுக்கான புள்ளி ஆறே. மூன்று ஸ்பேடு என்றேன். எதிராளியிடமிருந்து நாலு ஹார்ட் (பதின்மூன்று சுற்றில் பத்துப் பிடி எடுப்போம் என்ற ஏலம்) வந்ததும் பாஸ் சொல்லிவிட்டேன். அவர்கள் வல்னரபிள் (லாபமும் நஷ்டமும் கூடுதலாகும் நிலை), நாங்கள் இல்லை. அவர்கள் ஜெயித்து, எங்களுக்கு 620 மதிப்பெண் போயிற்று. தவறா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: தவறுதானுங்க, அதுவும் முதல் சுற்றிலேயே. மூன்றில் நின்று எதிராளிக்கு யோசிக்க இடம் கொடுத்தீர்கள். நேராக நாலு ஸ்பேடு போட்டிருக்க வேண்டும்.

புள்ளியை விடுங்கள், துருப்பை எண்ணுங்கள். திறந்த ஜோடியிடம் ஐந்து என்றால் உங்கள் பக்கம் பத்து ஸ்பேடு. அவர்களுக்கு ஒன்பது ஹார்ட் என்று வையுங்கள். கூட்டினால் 19, இரு பக்கமும் எடுக்கும் பிடிகளும் ஏறக்குறைய அவ்வளவே. அவர்களுக்குப் பத்துப் பிடி என்றால் உங்களுக்கு ஒன்பது. டபுள் (தோற்பீர்கள் என்று எதிராளி விடும் சவால்) வாங்கி ஒரு பிடி குறைந்தாலும் நஷ்டம் 100தான். அவர்களுக்கு ஒன்பது என்றால் உங்கள் நாலு ஸ்பேடே ஜெயிக்கும்!

ஹார்ட்டில் உங்களிடம் ராணியும் ஜாக்கியும் இருந்திருந்தால் கணக்கு மாறும், அது எதிராளியின் ஏலத்தைத் தோற்கடிக்கும் தடுப்பாட்டத்துக்கான சீட்டு.

அப்புறம், அவர்கள் ஐந்து ஹார்ட் என்றால் வாயைத் திறக்காதீர்கள். ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் வீம்புக்கு விலை ஏற்றி மூட்டையைத் தலையில் கட்டிக்கொண்டவன் நான். ஐந்து ஸ்பேடும் கேட்டிருக்கிறேன்.