ரேட்டிங் வேறு, பட்டம் வேறு, இடம் வேறு: செஸ் விளையாடும் மாணவியின் பெற்றோருக்கு ஒரு பதில்

அன்புடையீர்,

பன்னிரண்டு வயதான தங்கள் மகளின் ரேட்டிங் (ஆட்ட வலுவைக் காட்டும் எண்) 1600 அளவில் இருக்கிறது என்றும், இரண்டு ஆண்டுகள் முழுநேரமாக விளையாடினால் நாட்டின் அணியில் இடம்பெறலாம் என்று பயிற்சியாளர் சொல்கிறார் என்றும், அதற்காகப் பள்ளியை நிறுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பள்ளியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அந்தக் கேள்விக்கு விடை தேடினால், ஆசையும் பயமும்தான் முடிவெடுக்கும். தங்கள் கடிதத்தில் ரேட்டிங், கிராண்ட்மாஸ்டர் போன்ற பட்டம், அணியில் இடம் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இவை மூன்றுக்கும் தொடர்பு உண்டு என்றாலும், ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடாது.

முதலில் ஒரு கவலையைக் குறைத்துவிடலாம். வெளிநாட்டில் நடக்கும் எல்லாப் போட்டிகளுக்கும் தேர்வாக வேண்டும் என்பதில்லை. ஓபன் போட்டிகள் என்று சொல்லப்படுபவற்றில், தேசிய செஸ் கூட்டமைப்பின் மூலம் பதிவுசெய்து பெற்ற ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) அடையாள எண்ணும், நுழைவுக் கட்டணமும், சில இடங்களில் குறைந்தபட்ச ரேட்டிங்கும் இருந்தால் போதும். யாரும் யாரையும் தேர்ந்தெடுத்து அனுப்புவதில்லை. எனவே சர்வதேச ஓபன் ஒன்றில் விளையாடித் திரும்பிய பிள்ளையை நாட்டின் பிரதிநிதி என்று பாராட்டுவதும், அப்படிப் போகாத பிள்ளை பின்தங்கிவிட்டது என்று வருந்துவதும் இரண்டுமே பொருளற்றவை. தேர்வு தேவைப்படுவது உலக, கண்ட அளவிலான வயதுப்பிரிவுப் போட்டிகள், ஒலிம்பியாட் போன்ற அணிப்போட்டிகள், உலக சாம்பியன்ஷிப் சுற்றின் போட்டிகள் ஆகியவற்றுக்குத்தான்.

ரேட்டிங் எப்படி நகர்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் பெற்றோர் பலரின் தூக்கத்தைக் கெடுப்பது அந்த எண்தான். ரேட்டிங் பெற்ற எதிராளிகளுடன் குறைந்தது ஐந்து ஆட்டங்கள் ஆடிய பிறகே முதல் ரேட்டிங் வெளியாகும். 2024 மார்ச் முதல் அதன் அடிமட்டம் 1400. அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும், எதிர்பார்க்கப்பட்ட முடிவுக்கும் கிடைத்த முடிவுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு குணகத்தால் பெருக்குகிறார்கள். 18 வயது நிறையும் ஆண்டின் இறுதி வரை, ரேட்டிங் 2300-க்குக் கீழே இருக்கும் மட்டும், இந்தக் குணகம் 40. 2400-ஐ ஒருமுறை தொட்டவருக்கு நிரந்தரமாக 10. தங்கள் மகள் 1600-இல் இருந்துகொண்டு 1800 உள்ள ஒருவரை வென்றால் ஒரே ஆட்டத்தில் 30 புள்ளிகள் ஏறும். மறுநாள் 1500 உள்ள ஒருவரிடம் தோற்றால் ஏறக்குறைய 26 புள்ளிகள் இறங்கும். ஒரு வார இறுதிப் போட்டியில் நூறு புள்ளிகள் போவதும் வருவதும் இந்த வயதில் இயல்பு. ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று வரும் பட்டியலைப் பார்த்து வீட்டின் மனநிலை மாறுவதை நிறுத்துங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். ஓராண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே அந்த எண் எதையாவது சொல்லும்.

இடம் என்பது ரேட்டிங் பட்டியலிலிருந்து நேராக வருவதன்று. உலக இளையோர் சாம்பியன்ஷிப் 14, 16, 18 வயதுக்குட்பட்டோருக்கும், உலக கேடட் சாம்பியன்ஷிப் 8, 10, 12 வயதுக்குட்பட்டோருக்கும், பொதுப்பிரிவு, சிறுமியர் பிரிவு என்று தனித்தனியாக நடக்கின்றன. ஒவ்வொரு கூட்டமைப்பும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவரை அதிகாரப்பூர்வமாக அனுப்பலாம். அவருக்குத் தங்குமிடத்தையும் உணவையும் போட்டியை நடத்துபவர்கள் தருவார்கள். முந்தைய ஆண்டில் பதக்கம் வென்றவர்களுக்குத் தனிப்பட்ட உரிமையாக நேரடி இடம் உண்டு. பெரும்பாலான நாடுகளில் அந்த ஒருவரைத் தீர்மானிப்பது தேசிய வயதுப்பிரிவுப் போட்டி. அந்தத் தேசியப் போட்டிக்குப் போவதற்கு வட்டார, மாநில அளவில் தகுதிச் சுற்றுகள் இருக்கும். இதற்கு அப்பால், கூட்டமைப்பின் ஒப்புதலோடு சொந்தச் செலவில் கூடுதலாகச் செல்லும் வீரர்களும் உண்டு. அது முறையான வழிதான். நல்ல அனுபவமும் கூட. ஆனால் அந்தச் செலவுப் பட்டியலைத் தேர்வுக் கடிதமாக நினைத்துக் கடன் வாங்கிவிட வேண்டாம். முதல் இடத்தில் வந்து செல்பவரும், கட்டணம் கட்டிச் செல்பவரும் ஒரே அரங்கில்தான் அமர்வார்கள். வீட்டின் வரவு செலவில் மட்டும் அந்த வேறுபாடு தெரியும்.

பிறந்த தேதியை ஒருமுறை சரிபாருங்கள். வயது ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது: 2026-இல் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆட 2012 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்திருக்க வேண்டும். 2011 டிசம்பர் கடைசி நாளில் பிறந்த பிள்ளைக்கு ஒரு முழு ஆண்டு போய்விடும். வயதுப்பிரிவின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுபவம் கூடுதல் என்பதால், முதல் ஆண்டில் முடிவுகள் சுமாராக இருந்தால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை; திட்டத்தை இரண்டாம் ஆண்டை மையமாக வைத்து அமைப்பதே விவேகம்.

தேசியப் போட்டிகளில் பெற்றோருக்குப் பெரிய அதிர்ச்சியைத் தருவது டை-பிரேக், அதாவது சமப் புள்ளி எடுத்தவர்களை வரிசைப்படுத்தும் முறை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமப் புள்ளியில் இருப்பவர்களை மோதவிடும் சுவிஸ் முறையில், ஒரே புள்ளியில் ஐந்தாறு பேர் முடிப்பது சாதாரணம். இடமோ ஒன்று அல்லது இரண்டு. அப்போது பல போட்டிகளில் புக்கோல்ஸ் என்ற கணக்கைப் பார்க்கிறார்கள். நம் எதிராளிகள் அனைவரும் அந்தப் போட்டியில் எடுத்த புள்ளிகளைக் கூட்டுவதே அது. முதல் இரண்டு சுற்றுகளில் தோற்றுவிட்டு, பின்னர் வரிசையாக வென்று மேலே வந்த பிள்ளைக்கு, இடைச் சுற்றுகளில் வலுக் குறைந்த எதிராளிகளே கிடைத்திருப்பார்கள். ஆகவே அதே புள்ளியில் முடித்தாலும் புக்கோல்ஸ் குறைவாக வரும். தொடக்கத்திலிருந்தே மேல் மேசைகளில் ஆடி, கடைசியில் ஒன்றை இழந்த பிள்ளைக்கு அது கூடுதலாக இருக்கும். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. எந்த டை-பிரேக், எந்த வரிசையில் என்பது போட்டி அறிவிப்பிலேயே அச்சாகியிருக்கும். முதல் சுற்றுக்கு முன்பே அதைப் படித்துவிட்டால், கடைசிச் சுற்றில் டிரா போதுமா, வெற்றியே வேண்டுமா என்பது பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

வயது வரம்பில்லாத தேசிய அணி என்பது இன்னொரு தளம். செஸ் ஒலிம்பியாட் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. ஓபன் பிரிவிலும் மகளிர் பிரிவிலும் ஒவ்வொரு அணியிலும் நான்கு பேர் ஆடுவார்கள், ஒருவர் மாற்று வீரர். அந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கும் விதியை ஒவ்வொரு நாட்டுக் கூட்டமைப்பும் தானே வகுத்துக்கொள்கிறது: சில இடங்களில் குறிப்பிட்ட மாதத்தின் ரேட்டிங், சில இடங்களில் தேசிய சாம்பியனுக்கு உறுதியான இடம், சில இடங்களில் தேர்வுக்குழுவின் முடிவு, பெரும்பாலும் இவற்றின் கலவை. எண்ணிக்கை சூழ்நிலையைப் பொறுத்தும் விரியும். 2022-இல் சென்னையில் ஒலிம்பியாட் நடந்தபோது, நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியாவுக்கு இரண்டாவது அணியும், அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமைந்ததால் மூன்றாவது அணியும் கிடைத்தன. இளைஞர்கள் நிறைந்த அந்த இரண்டாவது அணிதான் ஓபன் பிரிவில் வெண்கலம் வென்றது. அதன் முதல் பலகையில், அதாவது அணியின் முதல் வீரராக, ஆடிய 16 வயது குகேஷ் தனிநபர் தங்கம் பெற்றார். வலுவான நாட்டில் ஆறாவது இடத்தில் இருப்பவர் வெளியே நிற்பதும், வேறொரு நாட்டில் அதைவிடப் பல நூறு புள்ளிகள் குறைந்தவர் முதல் பலகையில் ஆடுவதும் இந்த விளையாட்டில் அன்றாட நடப்பு. அணியில் இடம் என்பது பிள்ளையின் திறமையை மட்டும் காட்டும் அளவுகோல் அன்று என்பதைத் தாங்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

பட்டங்களோ நாட்டைப் பொறுத்தவை அல்ல. எங்கும் ஒரே அளவு, வாழ்நாள் முழுவதும் நிலைப்பவை. கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கை ஒருமுறையாவது தொட வேண்டும்; அதோடு மொத்தம் குறைந்தது 27 ஆட்டங்கள் கொண்ட நார்ம்கள் வேண்டும், நடைமுறையில் அவை மூன்று. ஒரு நார்ம் என்பது பொதுவாக ஒன்பது சுற்றுப் போட்டியில் 2600 தரத்தில் ஆடியதற்கான சான்று. எதிராளிகளில் மூன்று கிராண்ட்மாஸ்டர்களாவது இருக்க வேண்டும், பாதிப் பேராவது பட்டம் பெற்றவர்களாகவும், பிற நாட்டவரும் கலந்தவர்களாகவும் இருக்க வேண்டும். சர்வதேச மாஸ்டருக்கு 2400 ரேட்டிங்கும் 2450 தர நார்ம்களும். 1600-இல் இருக்கும் பிள்ளைக்கு நார்ம் போட்டிகளைப் பற்றி இப்போது யாராவது பேசினால், அவர் எதையோ விற்கிறார் என்று கொள்ளலாம்.

உச்சிக்குச் செல்லும் பாதையையும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மகள் அதைப் பற்றித்தான் கனவு காண்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உலக சாம்பியனோடு மோதுபவரைத் தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் எட்டே இடங்கள். உலகக் கோப்பை, கிராண்ட் சுவிஸ், ஆண்டு முழுவதும் புள்ளி சேர்க்கும் ஃபிடே சர்க்யூட், ரேட்டிங் என்று அதற்குப் பல வாயில்கள் இருக்கின்றன. 206 பேர் ஆடும் உலகக் கோப்பைக்கே கண்டப் போட்டிகள், ரேட்டிங், ஒலிம்பியாடில் நாடு பெற்ற நிலை எனப் பல வழிகளில் வருகிறார்கள். இங்கேயும் ஆட்டத்திறன் மட்டும் போதவில்லை. 2022-இல் சீன வீரர் டிங் லிரன் உலகின் முன்னணி ரேட்டிங்கில் இருந்தும், பெருந்தொற்றுக் காலத்தில் போதிய ஆட்டங்கள் ஆடாததால், 30 ஆட்டங்கள் என்ற வரம்பை எட்டச் சீனாவில் ஓரிரு மாதங்களுக்குள் அவசரமாக ஆடித் தீர்க்க வேண்டியிருந்தது. ரஷ்ய வீரர் கர்யாகின் தடைசெய்யப்பட்டதால் காலியான கேண்டிடேட்ஸ் இடம் அப்படித்தான் அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே அவர் உலக சாம்பியன். 2023 டிசம்பரில் பிரான்ஸ் வீரர் ஃபிரூஸ்ஜாவுக்காகப் பிரான்சில் ஏற்பாடு செய்யப்பட்ட தனி ஆட்டங்களை ஃபிடே கணக்கில் ஏற்க மறுத்தது. அவர் ரூவான் நகர ஓபனில் ஏழுக்கு ஏழு எடுத்து ரேட்டிங் இடத்தைப் பிடித்தார். அதே மாதம் சென்னையில் பெற்ற வெற்றியின் துணையோடு சர்க்யூட் வழியாக உள்ளே வந்த குகேஷ், 2024 டிசம்பர் 12 அன்று அதே டிங் லிரனை வீழ்த்தி சாம்பியன் ஆனார். இந்த மூவரின் கதையிலும் விதிப்புத்தகத்தையும் நாட்காட்டியையும் கையில் வைத்திருந்த யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்திருக்கிறார். தங்கள் வீட்டில் அந்த வேலை தங்களுடையது.

பெண் பிள்ளை என்பதால் ஒரு தேர்வு கூடுதலாக இருக்கிறது. சிறுமியர் பிரிவில் நாட்டின் இடம் கிடைப்பதற்கான வாய்ப்பு பெரும்பாலும் அதிகம். பொதுப்பிரிவில் எதிராளிகள் வலுவாக இருப்பதால் ஆட்டம் வேகமாக முதிரும். ஹங்கேரி வீராங்கனை ஜூடித் போல்கார் 1991-இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மகளிர் உலக சாம்பியன் பட்டத்துக்காக அவர் ஆடவே இல்லை. திவ்யா தேஷ்முக் 2025-இல் மகளிர் உலகக் கோப்பையை வென்று, நார்ம் எதுவும் இல்லாமலேயே நேரடியாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார். இரண்டு வழியும் சரியே. தேர்வுப் போட்டிகளில் சிறுமியர் பிரிவு, மற்ற நாட்களில் பொதுப் போட்டிகள் என்று பிரித்துக்கொள்வதையே நான் தங்கள் மகளுக்குப் பரிந்துரைப்பேன்.

இனி பள்ளி. நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. 1600-இலிருந்து 2000 வரை ஏறுவதற்குத் தேவையானது நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் அன்று. ஒழுங்கான இரண்டு மூன்று மணி நேரமும், தோற்ற ஆட்டங்களை எழுதி வைத்து ஆராயும் பொறுமையும் ஆகும். பள்ளியிடம் விடுமுறையும் தேர்வுத் தேதியில் நெகிழ்வும் கேளுங்கள். கூட்டமைப்பின் கடிதத்தோடு கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். நாட்டின் வயதுப்பிரிவில் முதல் சில இடங்களுக்குள் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வந்த பிறகு, திறந்தநிலைப் பள்ளி போன்ற ஏற்பாடுகளைப் பற்றிப் பேசலாம். அணியில் இடம் கிடைக்காமலே போனாலும் இந்த உழைப்பு வீணாவதில்லை: டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம், செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் போன்றவை வலுவான வீரர்களுக்குக் கல்வி உதவித்தொகை தருகின்றன, நடுவர், பயிற்றுநர் ஆகிய இரு துறைகளிலும் ஃபிடே வழங்கும் தனிப் பட்டங்களும் உண்டு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பள்ளிச் சான்றிதழ் கையில் இருப்பது நல்லது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை சிலவே. ஃபிடே அடையாளப் பதிவில் பெயரும் பிறந்த ஆண்டும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்துப் பிழையைக் கடைசி நேரத்தில் திருத்துவது பெரும் அலைச்சல். கூட்டமைப்பின் இந்த ஆண்டுத் தேர்வு விதியை எழுத்து வடிவில் பெறுங்கள். வாய்மொழியாக யார் சொன்னதையும் நம்பிப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். அந்த விதியையும், மகள் கடைசியாக ஆடிய மூன்று போட்டிகளின் முடிவு அட்டவணைகளையும் எனக்கு அனுப்பினால், அடுத்த பன்னிரண்டு மாதங்களில் எந்தப் போட்டிகளில் ஆடுவது, எவற்றைத் தவிர்ப்பது என்று சேர்ந்து அமர்ந்து குறித்துக்கொள்ளலாம்.