பழைய பிக்கப்பில் ஏ.சி.: பட்டறையிலிருந்து பதில்கள்

கேள்வி: என்னிடம் 1957 மாடல் செவர்லே 3100 பிக்கப் இருக்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின், டைனமோ, டேஷ்போர்டு எல்லாம் அசல். வெயிலில் உட்காரவே முடியவில்லை. ஏ.சி. போடலாமா? எஞ்சின் தாங்குமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தாராளமாகப் போடலாம். அந்த 235 கன அங்குல எஞ்சின் கம்ப்ரசரைச் சுலபமாகச் சுற்றிவிடும். மேடு ஏறும்போது இழுவை கொஞ்சம் குறைவது தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் முதலில் கம்ப்ரசர் வாங்கப் போகாதீர்கள். கதவு ஓரத்து ரப்பர் பீடிங் வாங்குங்கள். பழைய பிக்கப்பில் ஏ.சி. குளிரவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஏ.சி.யில் குறையே இருக்காது. கேபின் ஓட்டையாக இருக்கும். உங்கள் வண்டியில் பெடல் தண்டுகள் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்குகின்றன. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில், அதாவது ஃபயர்வாலில், வயரும் கேபிளும் போகும் துளைகள் இருக்கின்றன. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று வருவதற்கென்றே துவாரம் வைத்திருக்கிறார்கள். முக்கோணக் கண்ணாடியின் ரப்பர் இந்நேரம் கல்லாகியிருக்கும். இருட்டிய பிறகு கேபினுக்குள் பளிச்சென்று ஒரு விளக்கை எரியவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே சுற்றி வந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் சூடான காற்று நுழையும் இடம். அதை அடைத்த பிறகு தரை, ஃபயர்வால், கூரை, கதவின் உட்புறம் ஆகியவற்றில் வெப்பம் தடுக்கும் விரிப்பு ஒட்டுங்கள். கூரையை விட்டுவிடாதீர்கள். வெறும் தகரக் கூரையின் அனல் நேராகத் தலையில் இறங்கும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் வண்டியின் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. இத்தனை காலம் ஓட்டை வழியாக வெளியேறிய பெட்ரோல் ஆவி, கேபினை அடைத்த பின் உள்ளேயே தங்கும். அதனால் டேங்கின் ஃபில்லர் குழாய், மூச்சுக்குழாய், பெட்ரோல் அளவு காட்டும் கேஜின் கேஸ்கெட் மூன்றையும் புதிதாக மாற்றாமல் கேபினை அடைக்கவே கூடாது. லேசாக வாடை வந்தாலும் வேலையை நிறுத்துங்கள்.

ஹீட்டர் இருந்தால், அதற்குப் போகும் வெந்நீர்க் குழாயில் முழுதாக மூடும் வால்வு போடுங்கள். வால்வு கசிந்தால் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பக்கம் குளிரும் மறுபக்கம் சூடும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்தது ரேடியேட்டர். கேபினிலிருந்து எடுத்த சூட்டை கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கொட்டுகிறது. ஏற்கெனவே நெரிசலில் டெம்பரேச்சர் முள் மேலே போகும் வண்டியானால், ஏ.சி. போட்டதும் கொதிக்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, விசிறியைச் சுற்றி காற்றை ரேடியேட்டர் வழியாகவே இழுக்க வைக்கும் கூடு, அதாவது ஷ்ரவுடு, மாட்டுங்கள். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பக்கவாட்டில் உள்ள இடைவெளியை நுரைப்பட்டையால் அடைத்தால் காற்று நழுவாமல் இரண்டையும் கடந்து வரும். சின்ன வேலைதான், ஆனால் எஞ்சின் ஓட, வண்டி நகராமல் ஐடிலில் நிற்கும்போது அதன் பலன் நன்றாகத் தெரியும்.

டைனமோ பாவம், அதை விடுங்கள். முழு வேகத்தில் சுற்றினாலே சுமார் 30 ஆம்பியர்தான் தரும். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் தராது. குளிர்காற்றை ஊதும் விசிறியான ப்ளோயர் மட்டும் முழு வேகத்தில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கலாம். கம்ப்ரசர் கிளட்ச்சுக்கு 4 ஆம்பியர், அப்புறம் ஹெட்லைட். 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டுவிட்டு, டைனமோவைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். ப்ளோயருக்கான மின்சாரத்தைப் பழைய சாவி ஸ்விட்ச் வழியாக இழுக்காதீர்கள், ஸ்விட்ச் உருகிவிடும். பாட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தனி வயர் கொடுங்கள்.

கம்ப்ரசரில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. 508 என்று அழைக்கப்படும் ஐந்து பிஸ்டன் வகை, சுற்றுக்கு 138 சி.சி., உங்கள் சின்ன கேபினுக்குப் போதும். அதைத் தாங்கும் பிராக்கெட் மட்டும் அசையவே கூடாது. புல்லிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். பெல்ட் கத்துவதும் கழன்று விழுவதும் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கும்.

டேஷ்போர்டில் தயவுசெய்து துளை போடாதீர்கள். அந்தத் தகட்டில் வெட்டிய துளையை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. டேஷுக்குக் கீழே தொங்கும் யூனிட் போதும். கன்ட்ரோல் குமிழ்களைக் கிளவ் பாக்ஸுக்குள் வைத்துவிடலாம். நாளைக்கு நீங்களோ உங்கள் பிள்ளைகளோ எல்லாவற்றையும் கழற்றினாலும் வண்டி வந்தபடியே இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

கடைசியாக, பம்ப் வைத்து முக்கால் மணி நேரமாவது ஏ.சி. குழாய்களில் உள்ள காற்றை உறிஞ்சி வேக்குவம் இழுத்து, பம்பை நிறுத்தி, கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே குளிர்விக்கும் கேஸ் ஏற்ற வேண்டும். கேஸை ஏ.சி. கிட்டின் குறிப்பில் உள்ள எடைக்குத் தராசில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். குழாய் சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து ஏற்றுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் 1978 பிக்கப்பில் கம்பெனி ஏ.சி. இருக்கிறது, பல வருடமாக ஓடவில்லை. அதில் அப்படியே ஆர்-134ஏ என்ற குளிர்விக்கும் கேஸை ஏற்றலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: அப்படியே ஏற்றக் கூடாது. அது ஆர்-12 கேஸுக்குச் செய்த அமைப்பு. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அந்தக் கேஸின் உற்பத்தி வளர்ந்த நாடுகளில் 1996-லும், வளரும் நாடுகளில் 2010-லும் நின்றது. ஆர்-12 உடன் சேர்த்துப் பயன்பட்ட மினரல் ஆயில் 134ஏ-வுடன் கலக்காது, அதனால் கம்ப்ரசருக்கு ஆயில் திரும்பி வராது. கொஞ்ச நாளில் கம்ப்ரசர் இறுகிவிடும். பழைய ஆயிலை முழுவதும் கழுவி எஸ்டர் ஆயில் விடுங்கள். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களையும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றுங்கள். கேஸ் பழைய அளவில் 80 முதல் 85 சதவீதம் போதும். முடிந்தால் கண்டன்சரையும் பக்கம் பக்கமாகப் பல தட்டைக் குழாய்கள் உள்ள பேரலல் ஃப்ளோ வகைக்கு மாற்றுங்கள். பழைய குழாய்க் கண்டன்சர் 134ஏ-வில் ஐடிலில் திணறும். ஆர்-12 இன்னும் உள்ளே மிச்சமிருந்தால் காற்றில் விடாமல், உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் உள்ள இடத்தில் கொடுங்கள். சமையல் கேஸ் ஏற்றினாலும் குளிரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கசிந்தால் தீப்பிடிக்கும்.

கேள்வி: பெல்ட்டே வேண்டாம், 12 வோல்ட் எலெக்ட்ரிக் கம்ப்ரசர் போட்டால் என்ன?

பதில்: 1,200 வாட் எடுக்கும் கம்ப்ரசருக்கு 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் வேண்டும். அவ்வளவு பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால் அதைச் சுற்றவும் அதே பெல்ட், அதே எஞ்சின்தான். பெல்ட் கம்ப்ரசரே போடுங்கள்.