கந்தகம் சொல்லும் கடல் கதை

கேள்வி: பழைய பாறையில் இருக்கும் கந்தகத்தை வைத்து அந்தக் காலத்துக் கடல்நீரைப் பற்றிச் சொல்கிறார்களாமே! 250 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலில் எது இருந்தது, எது இல்லை என்று எப்படித் தெரியும்?

பதில்: கடலடிச் சேற்றில் ஒரு வகை பாக்டீரியாக்கள் உண்டு. ஆக்சிஜனுக்குப் பதிலாக நீரிலுள்ள சல்பேட்டை (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்தது) வைத்துச் சுவாசிப்பவை. அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடு, சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து பைரைட் ஆகிவிடும். பாறையில் பொன்போல மினுங்குமே, அதுதான்.

கந்தக அணுக்களில் நூற்றுக்கு 95 கந்தகம்-32, நான்கு சொச்சம் சற்றுக் கனமான கந்தகம்-34. லேசானதன் பிணைப்பை உடைப்பது சுலபம் என்பதால் பாக்டீரியா அதைத்தான் அதிகம் எடுக்கும். ஆனால், சல்பேட் தாராளமாக இருந்தால்தான் இந்தத் தேர்வெல்லாம். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்களே, அதே கதைதான் இங்கேயும்: தட்டுப்பாடு வந்தால் கிடைத்ததையெல்லாம் தின்று தீர்த்துவிடும். கடல் சல்பேட்டுக்கும் பைரைட்டுக்கும் இடையே லேசான, கனமான கந்தகத்தின் விகிதத்தில் இருக்கும் வித்தியாசம் சுருங்கிவிடும். மிகப் பழைய பாறைகள் பலவற்றில் அப்படித்தான் சுருங்கியிருக்கிறது. அன்றைய கடலில் சல்பேட், இன்றிருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்ற கணக்கு இதிலிருந்து வந்ததுதான்.

ஆய்வகத்தில் எனக்கு இன்றும் அலுக்காத ஒரு வேலை உண்டு. கருங்களிப்பாறைத் தூளைக் குரோமியம் குளோரைடு கலந்த அமிலத்தில் கொதிக்க வைப்போம். பைரைட்டிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு குமிழ் குமிழாக வெள்ளி நைட்ரேட் கரைசலுக்குள் போகும். தெளிந்திருந்த கரைசல் பழுப்பாகி, கொஞ்ச நேரத்தில் கன்னங்கரேலென்று ஆகும். அந்தக் கந்தகம் இதற்கு முன் வாயுவாக இருந்தது அந்தப் பழங்காலச் சேற்றில்! ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும். கறுப்பு வீழ்படிவை வடிகட்டிக் கழுவி உலர்த்தி, நிறை நிறமாலைமானியில் அணுக்களை எடை பிரித்து எண்ணுவோம்.

இன்னொரு தடயம், மிக அரிதான கந்தகம்-33. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறைகளில் அதன் அளவு, எடை வித்தியாசத்தை வைத்து எதிர்பார்க்கும் அளவோடு ஒத்துவராது. காற்றில் ஆக்சிஜனும் ஓசோனும் இல்லாதபோது, புற ஊதாக் கதிர் எரிமலை கக்கிய கந்தக வாயுவை உடைத்ததன் விளைவு அது. புவிவேதியியலாளர் ஜேம்ஸ் ஃபார்குவர் குழுவினர் 2000இல் இதை வெளியிட்டார்கள்.

ஆனால் எந்தப் பைரைட்டையும் எடுத்து அளந்துவிட முடியாது. பின்னாளில் ஊடுருவிய வெந்நீர் புதுக் கந்தகத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம். அதனால் முதலில் பாறையை அறுத்துப் பார்ப்பேன். களி அடுக்குகள் பைரைட் உருண்டையைச் சுற்றி வளைந்து போயிருந்தால், சேறு இறுகுவதற்கு முன்பே அது உருவாகிவிட்டது என்று அர்த்தம். அந்த உருண்டையில்தான் துளை போடுவேன்.