லூசெர்ன் ஏரியில் பழைய சக்கரக் கப்பல்: ஒரு மணி நேரச் சுற்று போதுமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜூன் இரண்டாம் வாரம் அப்பா, அம்மா, மனைவியோடு சுவிட்சர்லாந்து போகிறோம். லூசெர்னில் இரண்டு நாள் தங்குகிறோம். நான்கு பேருக்கும் இரண்டாம் வகுப்பு சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தாயிற்று. பக்கவாட்டில் பெரிய சக்கரம் சுழலும் பழைய நீராவிக் கப்பலில் ஒருமுறையாவது ஏறிவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அவர் ரயில்வே லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிராவல்ஸ்காரர் லூசெர்னில் ஒரு மணி நேரப் படகுச் சவாரி போட்டுக் கொடுத்திருக்கிறார். அது போதுமா? அம்மாவுக்கு மூட்டு வலி, குளிரும் ஒத்துக்கொள்ளாது. எந்தக் கப்பல், எங்கே உட்காருவது, தனியாகச் செலவு வருமா?"

போதாது. ஒரு மணி நேரச் சுற்று மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் அது பெரும்பாலும் கண்ணாடி போட்ட நவீன யாட்டில் லூசெர்ன் பக்கத்துக் கரையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். சக்கரமும் கிடையாது, நீராவியும் கிடையாது, அப்பா எதைப் பார்க்க வருகிறாரோ அதுவே அங்கே இல்லை. அவர் தேடும் கப்பல்கள் ஓடுவது ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றி இறக்கும் வழக்கமான சேவையில். அந்தச் சேவை முழுக்க உங்கள் கையில் இருக்கும் பாஸிலேயே அடக்கம். அதனால் டிராவல்ஸ்காரரிடம் சொல்லி அந்தச் சவாரியை நீக்கிவிடச் சொல்லுங்கள், லூசெர்னிலிருந்து ஏரியின் தென்கோடியில் இருக்கும் ஃப்ளூலென் வரை கப்பலில் போய் ரயிலில் திரும்புங்கள். கப்பலில் சுமார் மூன்று மணி நேரம், ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ரயிலுக்கும் அதே பாஸ்தான்.

லூசெர்ன் ஏரியில் இன்றும் ஐந்து நீராவிச் சக்கரக் கப்பல்கள் ஓடுகின்றன. ஊரி 1901, உன்டர்வால்டன் 1902, ஷில்லர் 1906, காலியா 1913, ஸ்டாட் லூசெர்ன் 1928. ஐந்தும் 60 மீட்டருக்குச் சற்றே அதிக நீளம், ஐந்திலும் பழைய எஞ்சின்தான். முன்பு கரி போட்டு எரித்தார்கள், இப்போது பாய்லருக்கு எண்ணெய். மற்றபடி ஓட்டும் முறை மாறவில்லை. இதில் எது கிடைத்தாலும் ஏறலாம். எனக்குப் பிடித்ததைக் கேட்டால் ஷில்லர், அதன் முதல் வகுப்புக் கூடத்து மரவேலைக்காகவே. அப்பாவுக்காகக் கேட்டால் ஊரி, சுவிட்சர்லாந்தில் ஓட்டத்தில் இருக்கும் சக்கரக் கப்பல்களில் அதுதான் மூத்தது.

இவை இன்னும் உயிரோடு இருப்பது தானாக நடந்ததல்ல. 1960களிலும் 70களிலும் டீசல் கப்பல்கள் வந்தபோது பழையவற்றை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் ஏரிக்கரை மக்கள் நீராவிக் கப்பல் நண்பர்கள் என்று ஒரு சங்கம் வைத்து, பணம் திரட்டி, கப்பல் கம்பெனியோடு மல்லுக்கு நின்றுதான் மிச்சமிருந்தவற்றைக் காப்பாற்றினார்கள். உடைக்கப் போகவேண்டிய உன்டர்வால்டன் அப்படித்தான் 1985இல் புதுப்பிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. ஏரித் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதும் ஒரு காரணம், கடல்நீர் மாதிரி அது இரும்பை அரிப்பதில்லை.

சரி, சக்கரக் கப்பலில்தான் ஏறுகிறோம் என்பதை எப்படி உறுதி செய்வது? கால அட்டவணையில் எந்தெந்தப் பயணம் நீராவிக் கப்பலில் என்று சின்னச் சக்கரக் குறி போட்டுக் காட்டியிருப்பார்கள். கோடையில் அந்தக் குறி நிறைய இருக்கும், ஜூன் இரண்டாம் வாரம் என்பதால் உங்களுக்குக் கவலையில்லை. ஆனால் இவை வயதான இயந்திரங்கள், ஒன்று பழுது பார்க்கப் போயிருக்கும், அந்த இடத்துக்கு டீசல் கப்பல் வந்து நிற்கும். அதனால் முதல்நாள் சாயங்காலமே லூசெர்ன் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் படகுத்துறை கவுன்ட்டரில் போய், நாளைக் காலை ஃப்ளூலென் போகும் கப்பல் எது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நாள் கையில் இருப்பதால் முதல்நாள் இல்லையென்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அப்பாவுக்கான விஷயம். கீழ்த்தளத்தின் நடுவில், நடைபாதைக்குப் பக்கத்திலேயே, எஞ்சின் அறை மேலே திறந்திருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் பளபளவென்று துடைத்து வைத்த இரும்புத் தண்டுகள் முன்னும் பின்னும் போவதும், தொடை கனத்துக்கு இருக்கும் கிராங்க் சுழல்வதும், எஞ்சின்காரர் கையில் எண்ணெய்க் குப்பியோடு ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடப்பதும் தெரியும். படகுத்துறை நெருங்கும்போது அங்கே நிற்கச் சொல்லுங்கள். மேலே கேப்டனிடமிருந்து உத்தரவு வரும், எஞ்சின்காரர் நீராவியை அடைப்பார், அத்தனை பெரிய தண்டும் ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு எதிர்ப்பக்கமாகச் சுழல ஆரம்பிக்கும். கியர் என்று ஒன்றும் இல்லை. எஞ்சினே பின்னோக்கிச் சுழன்றால்தான் கப்பல் வேகம் சீக்கிரம் குறையும். இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே அச்சில் இருப்பதால் ஒன்றை நிறுத்தி ஒன்றைச் சுற்றித் திருப்பவும் முடியாது, திரும்புவது முழுக்கச் சுக்கானை வைத்துத்தான். இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால் கப்பல் துறையில் வந்து மெதுவாக அணைவது எத்தனை பெரிய வித்தை என்று புரியும்.

லோகோ ஷெட்டில் இருந்தவர் என்பதால் அவர் முதலில் கேட்கப்போவது, சத்தம் எங்கே என்றுதான். ரயில் எஞ்சினில் சிலிண்டரை விட்டு வெளியேறும் நீராவி புகைபோக்கி வழியாகப் பீறிட்டுக்கொண்டு போகிறது, நமக்குத் தெரிந்த அந்தச் 'சுக்கு சுக்கு' அதனால் வருவது. கப்பலில் அப்படி வீணாக்குவதில்லை. பாய்லரிலிருந்து வரும் நீராவி முதலில் சிறிய உயர் அழுத்தச் சிலிண்டரில் வேலை செய்யும், அங்கே பாதி வலுவை இழந்தபின் பெரிய தாழ் அழுத்தச் சிலிண்டருக்குப் போகும், அதன்பிறகு ஏரித் தண்ணீரால் குளிர வைக்கப்பட்ட கண்டென்சருக்குள் நுழைந்து தண்ணீராகிவிடும். நீராவி தண்ணீராகச் சுருங்கும்போது அங்கே வெற்றிடம் உண்டாகிறது, அந்த வெற்றிடமும் சேர்ந்து பிஸ்டனை இழுக்கிறது. அந்தத் தண்ணீர் திரும்பவும் பாய்லருக்கே. சுற்றிலும் குளிர்ந்த தண்ணீர் வற்றாமல் கிடைப்பதால்தான் இது சாத்தியம், தண்டவாளத்தில் ஓடும் எஞ்சினுக்கு அந்த வசதி ஏது? ஐந்தில் இளையதான ஸ்டாட் லூசெர்ன் மட்டும் வேறு ரகம், அதில் மூன்று சிலிண்டர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் நீராவி ஓரத்தில் நுழைந்து நடுவில் வெளியேறும்.

சக்கரத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பலகைகளைச் சக்கரத்தில் அசையாமல் ஆணியடித்து வைத்தால் தண்ணீரில் இறங்கும்போது தட்டும், ஏறும்போது தண்ணீரை வாரித் தூக்கும், இரண்டிலும் சக்தி வீண். இந்தக் கப்பல்களில் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கம்பி, அந்தக் கம்பிகளெல்லாம் மையத்திலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு வளையத்தில் சேர்கின்றன. சக்கரம் சுழலச் சுழல அவை பலகையைத் திருப்பிக்கொண்டே இருப்பதால், தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுக்கப் பலகை கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டாம், அவரே கண்டுபிடிப்பார்.

எங்கே உட்காருவது என்பதற்கு வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். லூசெர்னை விட்டுக் கிளம்பி வெக்கிஸ், விட்ஸ்னாவ் வரை இடது பக்கம் ரிகி மலை கூடவே வரும், அதனால் முதல் பாதிக்கு இடது பக்கம் நல்லது. விட்ஸ்னாவைத் தாண்டியதும் இரண்டு பக்க மலைமூக்கும் நெருங்கி வந்து ஏரி குறுகும், அதற்கப்புறம் இடது பக்கம் கெர்சாவ். அந்தச் சிறு கிராமம் 1798 வரை தனிக் குடியரசாக இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். ப்ரூன்னென் வந்ததும் கப்பல் சட்டென்று தெற்கே திரும்பும், நீங்கள் மூன்று மணி நேரம் செலவழித்து வந்ததற்கு அங்கேதான் பலன். அதுதான் ஊர்னர் ஏரி, லூசெர்ன் ஏரியின் தென்பகுதிக்கு அந்தப் பெயர், இரண்டு பக்கமும் பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். இங்கே வலது பக்கம் மாறிக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீரிலிருந்து தனியாக எழுந்து நிற்கும் ஒரு பாறை, அதில் கவிஞர் ஷில்லரின் பெயர் பொறித்திருக்கும், அடுத்து மரங்களுக்கு நடுவே ரூட்லி புல்வெளி. 1291இல் மூன்று மாநிலத்தார் கூடி உறுதிமொழி எடுத்ததாக சுவிஸ் மக்கள் சொல்லும் இடம் அது. 1940 ஜூலை 25 அன்று, சுற்றிலும் ஜெர்மனியும் இத்தாலியும் சூழ்ந்திருந்த நேரத்தில், தளபதி கிஸான் தன் படை அதிகாரிகளை இதே ஸ்டாட் லூசெர்ன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து அந்தப் புல்வெளியில் நிற்க வைத்துத்தான் நாட்டைப் பாதுகாக்கும் திட்டத்தைச் சொன்னார். பிறகு இடது கரையில் சுவிஸ் கதைகளின் வீரன் வில்லியம் டெல் பெயரிலான தேவாலயம் வரும், தண்ணீரோரத்திலேயே.

1865இல் கிழக்குக் கரைப் பாறையைக் குடைந்து சாலை போடும் வரை இந்தப் பகுதியில் ஃப்ளூலெனுக்குப் போகத் தண்ணீர் வழிதான் வழி. கோட்ஹார்ட் கணவாயைத் தாண்டி இத்தாலி போகிறவர்களும் சரக்கும் இப்படித்தான் போயாக வேண்டும். நீங்கள் போவது அந்தத் தண்ணீர் நெடுஞ்சாலையில்தான்.

அம்மாவின் முட்டிக்கு: படகுத்துறையிலிருந்து சாய்பலகை வழியாக நேராகக் கீழ்த்தளத்துக்கு ஏறிவிடலாம், ஊழியர்கள் கைகொடுப்பார்கள். இரண்டாம் வகுப்பு கீழ்த்தளம், முதல் வகுப்பு மாடி. உங்கள் பாஸுக்குக் கீழ்த்தளம். வித்தியாசத் தொகை கட்டினால் மேலே போகலாம், தனிச் செலவு என்றால் இது ஒன்றுதான். பல பயண இணையதளங்களில் கட்டாயம் மாடிக்குப் போகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, உங்கள் விஷயத்தில் கட்டவே வேண்டாம். எஞ்சின் இருப்பது கீழே, படி ஏறும் வேலையும் இல்லை, முகப்பில் திறந்த தளமும் இருக்கிறது. கழிப்பறைக்குப் படி இறங்க வேண்டியிருக்கலாம், ஏறியதும் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரைப் பொறுத்தவரை ஜூனில் கரையில் இதமாகத்தான் இருக்கும், ஆனால் கப்பல் நகர ஆரம்பித்ததும் முகப்பில் காற்று காதைப் பிடிக்கும். ஸ்வெட்டர், அதற்குமேல் காற்று புகாத ஒரு ஜாக்கெட், காதுக்கு ஸ்கார்ஃப், இவ்வளவு போதும். தாங்கவில்லையென்றால் ஜன்னல் வைத்த கூடம் உள்ளே இருக்கிறது. மேகமூட்டமான நாள் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள், அப்படிப்பட்ட நாளில் வீணாவது மலையுச்சிப் பயணம்தான், கப்பலிலிருந்து பார்க்க மேகத்துக்குக் கீழேயே பாறையும் தண்ணீரும் நிறைய இருக்கின்றன. கவனிக்க வேண்டியது ஃபோன் (Föhn) என்ற தெற்குக் காற்றைத்தான். வானம் தெளிவாக, வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் ஊர்னர் ஏரியில் பெரிய அலை அடிக்கும். எச்சரிக்கை இருந்தால் அன்று விட்ஸ்னாவோடு இறங்கி, பல்சக்கர ரயிலில் ரிகி உச்சிக்குப் போய்விடுங்கள், அதுவும் பாஸில் அடக்கம். 1871இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில்தான் ஐரோப்பாவின் முதல் மலை ரயில், அப்பாவுக்கு அது நஷ்டமில்லை.

சாப்பாட்டுக்குக் கப்பலிலேயே உணவகம் உண்டு. அசைவம் சாப்பிடாதவர்கள் என்றால் ஆர்டர் செய்யும்போதே இறைச்சி, மீன் இரண்டும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். உணவக மேசைகள் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு, வீட்டுப் பொட்டலத்தை அங்கே பிரிக்க வேண்டாம்.

இரண்டாவது நாள் பிலாட்டஸ் மலைக்குப் போவதாக இருந்தால் அல்ப்னாக்‌ஷ்டாட் வரை கப்பலில் போகலாம். அந்த வழியில் ஒரு தாழ்வான பாலம் குறுக்கிடுகிறது, அதன் கீழே நுழைவதற்காகவே உன்டர்வால்டனின் புகைபோக்கியையும் மாலுமி அறையையும் கீழே இறக்கும்படி செய்திருக்கிறார்கள். அந்தப் பெயர் அட்டவணையில் இருந்தால் தவறவிடாதீர்கள். பிலாட்டஸ் ரயிலுக்கு மட்டும் உங்கள் பாஸுக்குப் பாதிக் கட்டணம் கேட்பார்கள்.

லூசெர்ன் திட்டம் மாறி இன்டர்லாக்கனில் தங்க நேர்ந்தால் தூன் ஏரியில் 1906இன் ப்ளூம்லிஸால்ப், ப்ரியன்ஸ் ஏரியில் 1914இன் லோட்ச்பெர்க், ஏரிக்கு ஒன்றுதான் என்பதால் ஓடும் நேரம் பார்த்துப் போக வேண்டும். ஜெனீவா ஏரிப் பக்கம் போனால் கவனம்: அங்கே எட்டுச் சக்கரக் கப்பல்கள் இருந்தாலும் வெவே, இத்தாலி, எல்வெசி மூன்றிலும் எஞ்சினை டீசலுக்கு மாற்றிவிட்டார்கள், சக்கரம் சுற்றும், நீராவி இருக்காது. அங்கே மோன்த்ரோ, லா சுயிஸ், சவாய், சிம்ப்லோன், ரோன் என்ற ஐந்து பெயர்களில் ஒன்றைத் தேடுங்கள்.

ஃப்ளூலெனில் இறங்கினால் ரயில் நிலையம் துறைக்கு எதிரிலேயே இருக்கிறது, அம்மா நடக்க வேண்டியிருக்காது. லூசெர்னுக்குச் சில ரயில்கள் ஆர்த்-கோல்டாவில் மாறச் சொல்லும். அவசரமில்லையென்றால் மாறாமல் நேராகப் போகும் வண்டிக்குக் காத்திருங்கள். அந்த நேரத்தில் கப்பல் திரும்பக் கிளம்புவதைக் கரையிலிருந்து பார்க்கலாம், சக்கரம் சுழல ஆரம்பிப்பது வெளியிலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும்.