லினக்ஸில் ஸ்கிரிப்ட் எழுதி மேக் அட்ரஸை மாற்றுவது தப்பா?

தப்பில்லை தம்பி. மேக் அட்ரஸ் என்பது நெட்வொர்க் கார்டுக்குக் கம்பெனி கொடுக்கும் அடையாள எண், ஆறு ஜோடியாக இருக்கும். ஹாஸ்டல் வைஃபையில் உன்னை பிளாக் பண்ணியிருப்பார்கள், அதுக்குத்தான் கேட்கிறாய். அது உனக்கும் வார்டனுக்கும் உள்ள பஞ்சாயத்து, நான் வரவில்லை. என் கதை வேறு.

பாம்பனில் கடலை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கச்சான் வீசும் மாதங்களில் உப்பு எதையும் விட்டுவைக்காது. கடை கம்ப்யூட்டரின் லேன் போர்ட் களிம்பு ஏறிச் செத்துவிட்டது. யுஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கிச் செருகினால் நெட் வரவில்லை. கேபிள்காரர் கனெக்‌ஷனைப் பழைய போர்ட்டின் மேக் அட்ரஸோடு கட்டி வைத்திருக்கிறார். போன் போட்டால் "திங்கக்கிழமை பாக்கலாம்ணே" என்கிறார். கடை வாசலில் ஆதார் பிரிண்டுக்கு ஆள் நிற்கிறது.

போர்ட்தான் போச்சு, உள்ளே சிப் நன்றாக இருந்தது. டெர்மினலில் "ஐபி லிங்க்" (ip link) என்று கட்டளை அடித்ததும் பழைய அட்ரஸ் திரையில் வந்துவிட்டது. பிறகு மூணே வரி: அடாப்டரை டவுன் செய் (அணை), பழைய அட்ரஸைக் கொடு, அப் செய் (திரும்ப இயக்கு). சுடோ (sudo) போட்டு, அதாவது அட்மின் உரிமையோடு ஓட்டணும். டவுன் செய்யாமல் கொடுத்தால் பல டிரைவர்கள் பிஸி என்று மறுத்துவிடும். ரீபூட் ஆனால் கம்பெனி அட்ரஸே திரும்பிவிடும் என்பதால், பூட் ஆகும்போதே ஓடும்படி சிஸ்டம்டியில் (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி வைக்கும் புரோகிராம்) போட்டுவிட்டேன்.

நீயாக ஒன்று உண்டாக்குவதென்றால் முதல் ஜோடி 02 என்று இருக்கட்டும். எந்தக் கம்பெனிக்கும் ஒதுக்காத வகை அது. 01, 03 என்று ஒற்றைப்படையில் தொடங்கினால் மல்டிகாஸ்ட், அதாவது ஒரு மெஷினுக்கு இல்லாமல் ஒரு கூட்டத்துக்கான அட்ரஸ் ஆகிவிடும், லினக்ஸ் வாங்காது. ஒரே நெட்வொர்க்கில் ரெண்டு மெஷினுக்கு ஒரே அட்ரஸ் கொடுத்துவிடாதே, ரெண்டும் திக்கும்.

கீழே "இது திருட்டு வேலை" என்று எழுத வருகிறவர்களுக்கு: மாசாமாசம் நான் காசு கட்டுகிற கனெக்‌ஷன், என் மெஷின். பல ரவுட்டர்களில் வேறொரு மெஷினின் அட்ரஸைக் காட்ட மேக் குளோன் என்று ஒரு வசதியே இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 முதல் போனே ஒவ்வொரு வைஃபைக்கும் தானாக ஒரு அட்ரஸைப் புனைந்து காட்டுகிறது. நீங்கள் நினைப்பது செல்போனின் ஐஎம்இஐ எண். அதை மாற்றுவதுதான் குற்றம், 2017-ல் விதியே போட்டுவிட்டார்கள்.

அந்த அடாப்டர் வந்த கதையைச் சொல்லாமல் முடியாது. கூரியர்காரர் பாம்பனில் இறக்க மாட்டாராம், ராமேஸ்வரம் ஆபீசுக்கு வந்து வாங்கணுமாம். 1988-ல் ரோட்டுப் பாலம் திறந்ததிலிருந்து பாம்பனைத் தாண்டாமல் எந்த வண்டி ராமேஸ்வரம் போகிறது? என் கடை வாசல் வழியாகத்தான் அந்த வேன் போனது. டெலிவரி சார்ஜ் மட்டும் முழுசாகப் பிடித்துக்கொண்டார்கள்.