பல் வெண்மை: எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு வருகிற தை மாதம் திருமணம். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை டீ குடிக்கிறவள் என்பதால் பற்கள் மஞ்சளடித்திருக்கின்றன. மதுரையில் அண்ணா நகரிலும் பைபாஸ் சாலையிலும் விசாரித்தோம். பல் சுத்தம் செய்ய 1,000 ரூபாய், ஒரே அமர்வில் பிளீச்சிங் செய்ய 9,000, அதையே லைட் வைத்துச் செய்ய 14,000, வீட்டில் போட்டுக்கொள்ளும் ட்ரேயும் ஜெல்லும் சேர்த்து 6,500, முன்பற்கள் ஆறுக்கும் செராமிக் வெனீர் என்னும் மெல்லிய தகடு ஒட்டப் பல்லுக்கு 10,000 என்று சொன்னார்கள். மகளோ இணையத்தில் 1,200 ரூபாய்க்கு விற்கும் பெட்டியை வாங்கலாம் என்கிறாள். எது லாபம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செல்லூர்

பதில்: விலைகளை ஒப்பிடுவதற்கு முன்னால், மஞ்சள் நிறம் பல்லின் மேலே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். டீ, காபி, வெற்றிலை ஆகியவற்றின் கறை பெரும்பாலும் மேலேதான் படியும். பற்காரை சேர்ந்திருந்தால் அதைப் பற்றிக்கொண்டு இன்னும் அழுத்தமாகத் தெரியும். அப்படிப்பட்ட கறையை 1,000 ரூபாய்ச் சுத்தமே நீக்கிவிடும். ஆகவே முதலில் அதை மட்டும் செய்துகொண்டு, ஒரு வாரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிறமே போதும் என்று மகளுக்குத் தோன்றினால் மேற்கொண்டு செலவே இல்லை. சுத்தம் செய்தால் பல் தேய்ந்துவிடும் என்ற பயம் நம் ஊரில் பலருக்கு இருக்கிறது. முறையாகச் செய்தால் போவது காரைதான், பல் அல்ல.

அதற்குப் பிறகும் மஞ்சள் தெரிந்தால் அது பல்லின் உள்நிறம். அதை மாற்ற வெளுக்கச் செய்யும் மருந்துகளான ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது கார்பமைடு பெராக்சைடு வேண்டும். மருத்துவமனையில் ஈறுக்குக் காப்புப் பூசிவிட்டு, பெரும்பாலும் 25 முதல் 40 விழுக்காடு வரையான ஹைட்ரஜன் பெராக்சைடைப் பல்லில் இடுகிறார்கள். ட்ரே முறையில், உங்கள் மகளின் பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய உறையில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இட்டு, இரவில் இரண்டு வாரங்கள்போல் அணியவேண்டும். இந்த ஜெல் ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். முன்னது விரைவானது, பின்னது மெதுவானது. ஆனால் முறையாகச் செய்து முடித்தால் இரண்டின் விளைவும் பெரும்பாலும் ஒன்றுதான். ட்ரே முறை 1989இல் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் இருவர் வெளியிட்டது. அன்றிலிருந்து நன்கு சோதிக்கப்பட்டிருக்கிறது.

லைட்டுக்காகக் கூடுதலாகக் கேட்கும் 5,000 ரூபாயை நான் கொடுக்கமாட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது பளிச்சென்று தெரிவதற்கு ஒரு காரணம், அவ்வளவு நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்ததால் பல் ஈரம் காய்ந்திருப்பது; ஈரம் திரும்பியதும் நிறம் சற்று இறங்கும். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் லைட் வைத்ததற்கும் வைக்காததற்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இருப்பதில்லை.

எந்த பிளீச்சிங்கும் நிரந்தரம் அல்ல. டீ குடிக்கிறவருக்கு ஓரிரு ஆண்டுகளில் நிறம் மெல்லத் திரும்பும் என்பதால், இன்றைய விலையைப் பார்க்காமல் மூன்றாண்டுச் செலவைக் கணக்கிடுங்கள். மருத்துவமனை முறையை இடையில் ஒருமுறை திரும்பச் செய்தால் 18,000 ஆகிவிடும். ட்ரே முறையிலோ உறை கையிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு ஜெல் ஊசிக்குழல் வாங்கிச் சில இரவுகள் போட்டால் போதும். குழல் 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அடுத்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து 8,100தான். திருமணத்துக்கு நாள் இருப்பதால் உங்களுக்கு ட்ரேதான் என் தேர்வு. ஆனால் முகூர்த்தத்துக்கு இரண்டு வாரங்கள் முன்பாவது முடித்துவிடுங்கள். நிறம் நிலைகொள்ளவும் பற்கூச்சம் தணியவும் அந்த அவகாசம் தேவை. கூச்சம் இருக்கும்வரை ஜிகர்தண்டா பக்கம் போகவேண்டாம். போட்டுக்கொள்ளும் நாட்களில் டீயையும் மஞ்சள் தூக்கலான குழம்பையும் குறைத்துக்கொள்வது நல்லது.

வெனீர் இந்தப் பட்டியலிலேயே இருந்திருக்கக் கூடாது. ஆறு பல்லுக்கு 60,000 என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதை ஒட்டுவதற்காகப் பெரும்பாலும் பல்லின் மேலடுக்கான எனாமலைச் சீவுவார்கள். சீவிய எனாமல் மறுபடி வளராது. ஒட்டிய தகடும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்றவேண்டி வரலாம். வெறும் டீக்கறைக்காக நல்ல பல்லைச் சீவுவதை எந்தத் தாயும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

இணையப் பெட்டியில் என்ன மருந்து, எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம். எல்லோருக்கும் பொதுவான அளவில் வரும் உறை பல்லில் சரியாகப் பொருந்தாததால் ஜெல் கசிந்து ஈறைப் புண்ணாக்கும். கரித்தூள் தேய்ப்பதும் எலுமிச்சையும் சோடா உப்பும் கலந்து தேய்ப்பதும் மலிவானவைபோல் தோன்றினாலும், எனாமல் தேயத் தேய அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின்தான் வெளியே தெரியும். வெள்ளையாக்கப் போய் மஞ்சளாக்கிய கதையாகிவிடும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள்: சொத்தைப் பல் இருக்கிறதா என்று பார்த்தார்களா, இப்போதைய நிறத்தை நிற அட்டையில் குறித்துக்கொண்டார்களா, சொன்ன விலையில் சுத்தம் செய்வதும் அடங்குமா? பழைய பல் அடைப்போ கேப்போ இருந்தால் அவை வெளுக்காது. பிளீச்சிங் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் புதிய நிறத்துக்கு ஏற்ப மாற்றவேண்டும், அதற்குத் தனிச் செலவு உண்டு.

கேள்வி: சைக்கிளிலிருந்து விழுந்த பிறகு என் மகனுக்கு ஒரு முன்பல் மட்டும் கறுத்துவிட்டது. வயது 22. கேப் போடச் சொல்கிறார்கள்.
– வாசகர், மேலூர்

பதில்: ஒற்றைப் பல் கறுத்தால் உள்ளே உயிர்ச்சதை இறந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வேர் சிகிச்சை தேவைப்பட்டால், அது முடிந்த பிறகு பல்லின் உள்ளேயே மருந்து வைத்து வெளுக்கச் செய்யும் முறை இருக்கிறது. பல் உடையாமல் உறுதியாக இருந்தால், கேப்புக்குச் செலவழிப்பதற்கு முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். எனக்குச் சிறு வயதிலிருந்தே பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புத் திட்டும் உள்ளன. பிளீச்சிங் செய்தால் போகுமா? வயது 19.
– கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஃபுளூரைடு மிகுந்த நீரால் வரும் பற்கறையாக இருக்கலாம், மருத்துவர் நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இதற்கு பிளீச்சிங் மட்டும் செய்தால் பழுப்பு குறையும், ஆனால் வெள்ளைத் திட்டுகள் தொடக்கத்தில் இன்னும் எடுப்பாகத் தெரியக்கூடும். மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுக்கும் மைக்ரோ அப்ரேஷன் முறையை முதலில் செய்து, தேவையானால் ட்ரே பிளீச்சிங்கைச் சேர்ப்பது, லேசான கறைக்குப் பொதுவாகப் போதுமானது. வெனீருக்கு ஆகும் தொகையோடு ஒப்பிட்டால் செலவும் மிகக் குறைவு. மதுரையிலுள்ள பல் மருத்துவக் கல்லூரிகளின் புறநோயாளிப் பிரிவில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் செய்துகொண்டால் கட்டணம் இன்னும் குறையும். ஆனால் பலமுறை வந்துபோக வேண்டியிருக்கும், பேருந்துச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். இந்தக் கறை எனாமல் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள்தான் விழுகிறது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளூரைடு ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. கொதிக்கவைத்தால் ஃபுளூரைடு போகாது, நீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும். அளவு மிகுந்திருந்தால், பிள்ளைகள் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டுமாவது வேறு தண்ணீருக்கு ஏற்பாடு செய்யுங்கள்.